வீடு விற்க வைத்த கொலு

என் மாமனார் கடைசியாக வீட்டு வாசல் வழியே போகவில்லை. கூடத்துச் சுவரை இடித்து, அந்த வழியாகத்தான் அவரைச் சந்துப் பக்கம் எடுத்துப் போனார்கள். பங்குனி மாதம், சதய நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால் வீட்டுக்கு 'அடைப்பு' என்பார்கள். உடல் வாசற்படியைத் தாண்டக் கூடாது, வீட்டை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். சில குடும்பங்களில் இறந்த அறையை மட்டும் பூட்டிவிட்டுக் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்கள். எங்கள் சாஸ்திரிகள் அப்படி விட்டுக் கொடுக்கிறவர் இல்லை. மயிலாப்பூரில் எங்கள் தெருவோ அவருக்கு ஒரு படி மேல். கொத்தனார் வந்து இடித்தார், காரியம் ஆனதும் அவரே செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டுப் போனார்.

நாங்கள் ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடக்கூலிக்குப் போனோம். நான், என் கணவர், மாமியார், மூன்று பேர்தான். எனக்கு அப்போது இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது. குழந்தை இல்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கும் பூகோளமும் சொல்லிக் கொடுத்தார். ஆடி மாதம் ஒரு நாள் முகம் துடைத்துக்கொண்ட துண்டை என்னிடம் காட்டாமல் தானே துவைக்கக் கிளம்பினார். தன் துண்டைத் தானே துவைக்கிற ஆம்பிளையை அதுவரை நான் பார்த்ததில்லை. பிடுங்கிப் பார்த்தேன். ரத்தம்.

ராயப்பேட்டை டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார், பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வடக்கே மலைச்சாரலில் க்ஷய ரோகத்துக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, காற்றும் பாலும் முட்டையுமாக வைத்துத் தேற்றுகிறார்கள், சீக்கிரம் போனால் பிழைக்கலாம் என்றார். மழைக்காலத்தைப் பட்டணத்தில் கழித்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் கட்டில். என் நகைகள் மாமனாரின் வைத்தியத்திலேயே கரைந்திருந்தன. எங்களுக்கென்று மிச்சம் இருந்தது பூட்டிக் கிடந்த வீடு ஒன்றுதான். ஐப்பசி அடைமழைக்குள் அதை விற்றாக வேண்டும்.

புரட்டாசி பிறந்ததும் அடைப்பு தீர்ந்தது. சாந்தி செய்து பூட்டைத் திறந்தோம். உள்ளே காலை வைத்ததும் வௌவால் நாற்றம் முகத்தில் அடித்தது. கூடமெல்லாம் எச்சம். கிணற்றுத் தண்ணீர் பச்சை கட்டியிருந்தது. கதவு நிலையில் கரையான் ஏறியிருந்தது. அந்த ஈரத்தில் அவர் ஒரு நாள்கூடப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஆழ்வார்பேட்டை ஜாகையை விடவும் முடியவில்லை.

தரகர் முதல் வாரத்திலேயே இரண்டு பேரை அழைத்து வந்தார். இருவருமே மயிலாப்பூர்க்காரர்கள். வாசலையும் கிணற்றையும் அவர்கள் சரியாகப் பார்க்கவே இல்லை. கூடத்துக்குள் வந்ததும் கண் நேரே அந்தச் சுவருக்குப் போயிற்று. பழைய சுவர் மங்கிக் கிடக்க, நடுவில் புதுப் பூச்சு மட்டும் ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது. ஒருவர், "எந்த நட்சத்திரம்?" என்று மட்டும் கேட்டார். இன்னொருவர் அதையும் கேட்கவில்லை. போகிறபோது இருவருமே காலை உதறிவிட்டுத்தான் தெருவில் இறங்கினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பச்சைத் தண்ணீரை ஒரு வாளி எடுத்து வீசியிருப்பேன்.

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, வூட்ட இப்பிடி வெச்சிக்கினு கீறீங்க? உள்ள வந்தாலே நெஞ்ச அடைக்குது. மாம்பலத்துல ஏரியத் தூத்து மனை போட்டு வித்துக்கினு கீறாங்க. புச்சு பங்களா, நாலு பக்கமும் காத்து. அத்த வுட்டுட்டு எவன் இங்க வருவான்? மனுசாளு குடியிருக்கிற வூடு மாதிரி ஆக்குங்கம்மா. அப்பால கூட்டியாறேன்."

அவர் சொன்னது எனக்குப் பிடித்துக்கொண்டது. குடியிருக்க முடியாத வீட்டைக் குடியிருக்கிற வீடாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதானே? தினமும் விடிந்ததும் ஆழ்வார்பேட்டையிலிருந்து நடந்து வந்துவிடுவேன். தரையைத் தேய்த்தேன். கிணற்றை இறைக்க ஆள் வைத்தேன். வாசலில் பெரிய கோலமாகப் போட்டேன். சந்துப் பக்கம் சுவரில் அடைத்த இடம் வெளியிலும் தெரிந்தது. அதை மறைக்க எங்கிருந்தோ சாணி வாங்கி வந்து அந்தச் சுவர் முழுக்க வரட்டி தட்டினேன். மாடே இல்லாத வீட்டுச் சுவரில் அத்தனை வரட்டி. போகிறவர் வருகிறவர் சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே வெள்ளையடிக்க ஒரு கூலியாள் வந்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, நீலம் கலந்து, இரண்டு பூச்சு பூசினார். ஈரத்தில் சுவர் முழுக்க ஒரே நிறமாக இருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். மறுநாள் காய்ந்ததும் பார்த்தால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது. இன்னொரு பூச்சு பூசினோம். ஒரு மழை பெய்தது, சுற்றிலும் மஞ்சளாக ஓரம் கட்டிக்கொண்டு மறுபடியும் வந்துவிட்டது. பழைய சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசினால்தான் ஒட்டும் என்று கூலியாள் சொன்னார். அதற்குத் தனிக் கூலி. கொடுக்க என்னிடம் இல்லை.

அடுத்த நாள் நான் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது கூடத்தில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. என் கணவர் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். மூக்கைச் சுற்றி மேல்துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு சுவரைச் சுரண்டுகிறார். தலை, புருவம் எல்லாம் வெள்ளை. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"ஏன் கத்தறே? இந்தக் கிழவிக்கு மாப்பிள்ளை தேடறோம். கொஞ்சம் பவுடர் பூசிவிட வேண்டாமா?" என்றார். வீட்டைத்தான் அவர் கிழவி என்பார். யாராவது பார்க்க வந்தால், பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பார். அவருக்கு எல்லாமே கேலிதான்.

இறங்கி வந்து உட்கார்ந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. முதுகைத் தடவிக் கொண்டே நான் அழுதேன். இந்த வீடு விலை போகாவிட்டால் இவர் போய்விடுவார் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர் ஒருவரைத் தரகர் அழைத்து வந்தார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் பக்கத்தில் குடியேற வேண்டும் என்று ஆசை. ஊருக்குப் புதியவர், கண் பார்வையும் கொஞ்சம் மட்டு. எனக்கு இதைவிட என்ன வேண்டும்? கோலம் போட்டேன், குத்துவிளக்கு ஏற்றினேன், அவர் உள்ளே வருகிற நேரமாகப் பார்த்துக் காப்பிக்கொட்டை வறுத்தேன். வீட்டுக்குச் சொந்தக்காரரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்ததால் என் கணவரைக் கழுத்து மூடிய கோட்டுப் போட்டு ஊஞ்சலில் உட்கார வைத்தேன். மாமியார் ஆழ்வார்பேட்டையிலேயே இருந்தார். தலை மழித்து, வெள்ளைப் புடவையில் இருக்கும் ஒருத்தியை வீடு வாங்க வருகிறவர் கண்ணில் காட்டக் கூடாது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரே வரவில்லை என்றுவிட்டார்.

தாசில்தார் நிதானமான மனிதர். தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், கோயில் மணி கேட்கிறதா என்று காது கொடுத்தார், ஊஞ்சலுக்கு எதிரே உட்கார்ந்து நெல் விலை விழுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். என் கணவர் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கழுத்து நரம்பு புடைப்பதும் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்வதும் எனக்குத் தெரிந்தது. இருமலை விழுங்கிக்கொண்டிருந்தார். மனிதர் எழுந்து போய்த் தெருமுனை திரும்புகிற வரை விழுங்கினார். அதற்குப் பிறகு இருமியதை நான் எழுத மாட்டேன்.

ஆனால் மனிதருக்கு வீடு பிடித்துவிட்டது. "வெள்ளிக்கிழமை என் ஆத்துக்காரியை அழைச்சுண்டு வரேன். நவராத்திரி வெள்ளி, நல்ல நாள். அவளுக்குப் பிடிச்சா அங்கேயே அச்சாரம் கொடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நவராத்திரி! கொலு இல்லாத மயிலாப்பூர் வீட்டுக்கு ஒரே அர்த்தம்தான், அந்த வீட்டில் சாவு விழுந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. தாசில்தாருக்கு அது உறைக்காவிட்டாலும் அவர் மனைவிக்கு உறைக்காமல் போகாது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கொலு வைத்துவிட்டால் என்ன? அதுவும் அந்தச் சுவரோடு ஒட்டி ஒன்பது படி கட்டி, வெள்ளை வேஷ்டி விரித்துவிட்டால் அடைத்த இடம் அடியோடு மறைந்துவிடும். இதில் இத்தனை நாள் புத்தி போகவில்லையே என்று துள்ளிக் குதித்தேன்.

மாமியாரிடம் பொம்மைப் பெட்டிச் சாவி கேட்டேன்.

"வருஷம் திரும்பலையேடி. தீபாவளியே கிடையாது நமக்கு. கொலு வெக்கவாவது!" என்றார்.

"வருஷம் திரும்பறவரைக்கும் உங்க பிள்ளை..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, என் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கிப் படி கட்டினேன். பரணிலிருந்து பொம்மைகளை இறக்கி ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். கும்பத்தை மேல்படியில் நடுவே வைத்தேன். ஏமாற்று வேலைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் நான் அதையேதான் செய்வேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காஸ் விளக்கு வாடகைக்கு எடுத்துக் கூடத்தில் மாட்டினேன். மாவிலைத் தோரணம், சுண்டல், சந்தனக் கிண்ணம், தட்டு நிறைய வெற்றிலை பாக்கு. அன்றைக்கு மாமியாரும் இங்கேதான் இருந்தார். ஆழ்வார்பேட்டை வீட்டுக்காரி கொலு வைத்திருந்தாள். சுமங்கலிகள் வருவதும் போவதுமாக இருக்கிற நடையில் இவர் எதிர்ப்படக் கூடாதாம். ஆகவே இங்கே வந்து, பின்னால் விறகு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெற்ற பிள்ளைக்காக எங்கெல்லாமோ ஒளிந்துகொண்ட பெண்மணி அவர். என் கணவருக்குக் காய்ச்சல், அவர் வரவில்லை.

தாசில்தார் மனைவி நல்ல வாட்டசாட்டமான அம்மாள். பட்டுப் புடவையும் வைரத் தோடுமாக வந்து இறங்கினார். கொலுவைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்தைப் பார்த்தேளா, என்ன லட்சணம்! லட்சுமி குடியிருக்கா" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். பாயில் உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடினார். அச்சாரம் கைக்கு வந்தால் போதும், திங்கட்கிழமை ரயில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாடி முடித்தவர் சுண்டலைச் சாப்பிட்டார். தெருவைப் பார்த்தார். மறுபடியும் தெருவைப் பார்த்தார்.

தெரு முழுக்கக் கொலு. சின்னப் பெண்கள் குங்குமச் சிமிழோடு வீட்டுக்கு வீடு அழைத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் பட்டுப் புடவை சரசரக்கக் கூட்டம் கூட்டமாக ஒவ்வொரு வீட்டிலும் ஏறி இறங்கினார்கள். எங்கள் வாசல் வரை வந்து, தலையைக் குனிந்துகொண்டு, கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி தவறாமல் எல்லாரும்.

சுவரை மறைத்தேன், கோலம் போட்டேன், விளக்கு வைத்தேன். கொலு என்றால் நாலு பேர் வர வேண்டும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

"ஏன் குழந்தே, ஒன்பது படி வெச்சிருக்கே. இத்தனை பேர் தெருவிலே போறா. ஒருத்தரும் உள்ளே வரக்காணோமே?" என்று அம்மாள் கேட்டார்.

"இதோ வருவா" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். எதிர்வீட்டுக்கு. அந்த வக்கீலின் மனைவி எனக்கு மஞ்சளும் பூவும் எத்தனையோ தடவை கொடுத்தவள்.

"மாமி, உங்க காலிலே விழறேன். வந்து ஒரு வெத்தலை பாக்கு மட்டும் வாங்கிண்டு போயிடுங்கோ. அவர் பிழைக்கணும், மாமி."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. "சாவுத் தீட்டு வருஷத்திலே கொலுவுக்கு நான் எப்படிடி வருவேன்? என் தாலிக்கு ஏதாவது ஆனா? வேற என்ன வேணும்னாலும் கேளு" என்றாள். அவள் காலடியில் நின்றுகொண்டு நான் வேறு என்னத்தைக் கேட்பேன்?

திரும்பி ஓடி வந்தபோது கூடத்தில் என் மாமியார் நின்றுகொண்டிருந்தார். காஸ் விளக்கு வெளிச்சத்தில், அத்தனை பொம்மைகளுக்கும் முன்னால், முக்காடு போட்ட வெள்ளைப் புடவையோடு. தாசில்தார் மனைவி எழுந்து சுவரோரம் ஒதுங்கியிருந்தார்.

"இந்த ஆத்திலேதான் என் ஆத்துக்காரர் உயிர் போச்சு" என்றார் மாமியார். "இந்தப் படிக்குப் பின்னாலேதான் சுவரை இடிச்சு எடுத்துண்டு போனா. சதயம். என் பிள்ளை ரத்தமா இருமறான். இவ பொய் சொன்னது அதுக்காக. நீங்க சுமங்கலி, இந்த ஆத்துக் குங்குமத்தை எடுத்துண்டு போகாதேங்கோ."

தாசில்தார் மனைவி கையிலிருந்த வெற்றிலை பாக்கைத் தட்டில் திரும்ப வைத்தார். என் அருகில் வந்து மோவாயைத் தொட்டார். "உன்மேலே எனக்குக் கோபம் இல்லை. ஆனா நாங்க வாங்க மாட்டோம், குழந்தே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மாமியார்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பிள்ளையை அவரே கொன்றுவிட்டதாக நினைத்தேன். அதைச் சொல்லியும்விட்டேன். அவர் காஸ் விளக்கை அணைக்கத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை, பொம்மைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். என் கணவரும் காய்ச்சலோடு வந்து தூணில் சாய்ந்திருந்தார். எதிர்வீட்டு வக்கீல் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"நேத்து என் ஆத்துக்காரி அழுதுண்டே இருந்தா. நான் எடுத்துக்கறேன் இந்த இடத்தை. இடிச்சுட்டுக் குடக்கூலிக்கு வரிசையா நாலு வீடு கட்டப்போறேன்" என்றார்.

"அடைப்பு விழுந்த வீடாச்சே, மாமா?" என்றேன்.

"வீட்டுக்குத்தான் அடைப்பு. இடிச்சுட்டா மனைதானே? மனைக்கு ஏது அடைப்பு?"

விலை சொன்னார். மண்ணுக்கு மட்டும் போட்ட விலை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போதும். தூணில் சாய்ந்திருந்த என் கணவர் தலையைத் தூக்கினார். "முன்னாலேயே சொல்லியிருக்கப்படாதா, மாமா? பூட்டைத் திறந்த அன்னிக்கே கொடுத்திருப்பேனே."

"நீங்க கேக்கலையேப்பா" என்றார் வக்கீல். "நான் தினம் எங்காத்து ஜன்னல் வழியா பார்த்துண்டுதான் இருந்தேன். கோலம், வரட்டி, வெள்ளையடிக்கிறது, ஒரே அமர்க்களமா இருந்தது. சரி, நல்ல விலைக்கு யாரோ வந்திருக்கான்னு பேசாம இருந்துட்டேன்."

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

விஜயதசமி கழிந்து ரிஜிஸ்தர் கச்சேரி திறந்ததும் பத்திரம் பதிவாயிற்று. நாங்கள் ரயில் ஏறியபோது அடைமழை ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் பலகையைச் சாத்தியும் சாரல் வந்தது. மாமியார் தன் புடவைத் தலைப்பைப் பிள்ளையின் நெஞ்சில் போட்டுப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் அவரிடம் பேசவில்லை. போய்ச் சேருவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால்தான் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னடி இப்போ" என்றார்.

ஆஸ்பத்திரி நன்றாக இருந்தது. மரங்கள், அகலமான தாழ்வாரம், வெள்ளை வெளேரென்ற கட்டில்கள். காற்று அவ்வளவு சுத்தமாக இருந்தது. டாக்டர் வயதில் சின்னவர். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், மறுபடியும் நெஞ்சுக்கு வந்தார். பிறகு குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே அம்மா. இவ்வளவு நாள் என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

மாமியார் தரையைப் பார்த்தார். என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார்.

"ஆத்துக்கு வெள்ளையடிச்சுண்டிருந்தோம், சார்" என்றார்.

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். தை பிறக்கும்வரைதான் என் கணவர் அந்தக் கட்டிலில் இருந்தார். ரயிலில் திரும்பி வந்தது நானும் மாமியாரும் மட்டும்தான்.